வாப்பாவின் டாக்சியும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

கடலூர் ஓ.டி.
20-2-68

பினாங்கில் இருக்கும் அருமை மகன் முஹம்மது யூசுபுக்கு, உம்மா ஆசியா உம்மாள் சொல்லத் தங்கை மலிகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் டாக்சியும் இப்போது சுகம், உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

உம்மா சொன்னது இவ்வளவுதான் அண்ணே, மீதியை என்னிடம் விட்டுவிட்டு வெற்றிலை போடுகிறார்கள். டாக்சி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எஃப்.சி. பரிசோதனை நெருங்கிவிட்டது, வண்டியோ செங்கல் சூளை மாதிரி கறுப்புப் புகை கக்கியது. புகை நின்றால்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார், கையெழுத்து விழுந்தால்தான் ருக்கையா அக்காவைத் தலைப்பிரசவத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்து அழைத்து வர முடியும். பஸ்ஸில் குலுங்கவே கூடாது என்று சிதம்பரம் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாப்பாவும் சம்பந்தி வீட்டில் "எங்க வண்டியிலதான் அழைச்சிட்டுப் போவேன்" என்று மார்தட்டிவிட்டு வந்துவிட்டார். மெக்கானிக் பொன்னுரங்கம் மாமா பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார், அவர் மூஞ்சி கறுத்ததே தவிர புகை வெளுக்கவில்லை. "மச்சான், இது பெட்ரோல்ல ஓடுதா, வெறகுல ஓடுதா?" என்று வாப்பாவைக் கேட்டார். கடைசியில் காற்று போகும் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஒரே பதரும் தூசியும்! அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கீரப்பாளையம் ரோட்டில் பரப்பியிருந்த கதிர் மேலேயே ஓட்டி, ஊருக்கே இலவசமாகப் போரடித்துக் கொடுத்திருக்கிறார் வாப்பா. வண்டிக்கு மூக்கடைத்து, காற்றில்லாமல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்ததுதான் அந்தப் புகை. "நெல்ல அவுங்களுக்குக் குடுத்துட்டு பதரு மட்டும் வாங்கியாந்தியா?" என்றார் மாமா. கழுவி மாட்டியதும் புகை போன இடம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பரிசோதனை. இன்ஸ்பெக்டர் சைலன்சர் பக்கம் குனிந்துகொண்டு வாப்பாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். வண்டி அதிர்ந்தது, புகை இல்லை. சிரித்த முகமாகப் பேனாவை எடுத்தார், உடனே பின் ஜன்னல் வழியாகக் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. "யோவ் பாய், சைலன்சரு சும்மா இருக்கு, சீட்டு ஏன்யா பொகையுது?" என்று துள்ளி விலகினார். வாப்பா கதவைத் திறந்து எடுத்தது நம் வீட்டுச் சாம்பிராணிச் சட்டி! வண்டிக்கு அல்லாஹ்வின் பரக்கத் வேண்டும் என்று உம்மா யாரிடமும் சொல்லாமல் மூடி போட்டுப் பின் சீட்டுக் காலடியில் வைத்துவிட்டார்கள், வண்டி அதிர்ந்ததில் மூடி நகர்ந்துவிட்டது. (இதை எழுதாதே என்கிறார்கள், எழுதியாகிவிட்டது.) இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "வாசன நல்லாத்தான்யா இருக்கு, ஆனா சாம்பிராணிக்கெல்லாம் நான் சர்டிபிகேட் குடுக்க முடியாது. அத வெளிய வெச்சிட்டு இன்னொரு தபா மிதி" என்றார். மிதித்தார், சுத்தம், கையெழுத்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சேர்ந்தாள். கதிர் கிடந்த இடமெல்லாம் வாப்பா இறங்கி ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினாராம், அவள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாளாம். இப்போது கூடத்தில் படுத்துக்கொண்டு மாங்காய் கேட்கிறாள்.

உம்மா மறுபடி சொல்கிறார்கள்: நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். பிள்ளைக்குப் பேர் நீதான் சொல்லவேண்டும், மறக்காமல் அடுத்த தபாலிலேயே எழுது. தாமதித்தீர்களானால் அண்ணே, தாய்மாமன் சொன்ன பேர் என்று சொல்லி சைலன்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆசியா உம்மாள்
(கை மட்டும் மலிகாவுடையது)