கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள்

ஆசை அப்பாவுக்கு,

அம்மா என்னோடு கதைத்து இன்றைக்கு ஐந்து நாள். சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் 'டங்' என்று வைக்கிறார். எனக்கு ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் பூனையிடம் சொல்கிறார். "வெளிக்கிட்டுப் போறவை கேற்றைச் சாத்திப்போட்டுப் போகட்டும்." பூனை என்னைப் பார்க்கிறது. நான் கேற்றைச் சாத்திவிட்டுப் போகிறேன்.

காரணத்தைச் சொன்னால் நீங்களும் அவர் பக்கம்தான் நிற்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை, சீனி வருத்தக் கிளினிக்கின் இரத்தச் சோதனையில் அம்மாவை நான் பெயில் விடவைத்துவிட்டேன்.

நம் வீட்டில் இது சின்னக் குற்றமில்லை. நீங்கள் பதினொரு வருடம் அந்தக் கிளினிக்குக்குப் போனீர்கள். ஒருமுறைகூடப் பெயில் விடவில்லை. அந்தப் பாஸ் எப்படி வந்தது என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். இனி மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

உங்கள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் போன முப்பத்தோராம் நாள் வந்த எல்லோர் கையிலும் அந்தப் புத்தகம். அதை வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் சிறிது காலமா? ஆனால் ஒருவிதத்தில் அது சரிதான். மாதத்தில் மூன்று நாள் மட்டும்தானே நீங்கள் நோயாளியாக இருந்தீர்கள்.

கிளினிக் செவ்வாய் என்றால் சனிக்கிழமை காலை தொடங்கும். பிட்டு நிற்கும். குரக்கன் வரும், பாகற்காய் வரும், வல்லாரை அரைக்கச் சொல்லி அம்மாவின் உயிரை எடுப்பீர்கள். ஞாயிறு இரவுச் சாப்பாடு இல்லை. திங்கள் முழுக்க வெறும் மோர். அந்த மூன்று நாளும் மோட்டார்சைக்கிள் கொட்டிலில் நிற்கும். யாரோ படம் பிடிப்பதுபோலக் கையை வீசிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து போவீர்கள். செவ்வாய் காலை இரத்தம் கொடுத்து, இலக்கம் தெரிந்தபிறகு, வாசல் வேப்பமரத்தடியில் உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி நடக்கும்.

"எத்தினை, அண்ணை?" பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தார் கேட்பார்.

"நூற்றிப் பன்னிரண்டு. உமக்கு?"

"நூற்றி எழுபது வந்திட்டுது. தங்கச்சியின்ரை பெடியன்ரை கலியாணம் வந்துதெல்லே, அதுதான்."

"நானும் அந்தக் கலியாணத்துக்கு வந்தனான்தானே. கட்டுப்பாடு வேணும், ஐசே."

கட்டுப்பாடு! அந்தக் கலியாண வீட்டில் நீங்கள் இரண்டாம்முறை பாயாசம் வாங்கியதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தவள் நான். முறைத்தேன். நீங்கள் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைத் தட்டிக் காட்டினீர்கள். "ஒரு குளிசை கூடப் போட்டிட்டுத்தான், பிள்ளை, வந்தனான்."

நடங்கோ அப்பா என்று சொன்னால் அதற்கும் பதில் தயார். "நான் தோட்டக்காரன். எனக்கென்ன எக்சசைஸ்? அது ஒபிசிலை இருந்து கதிரை சூடாக்கிறவைக்கு." முப்பது வருடத்துக்கு முந்தி அது நியாயம். இப்போது தண்ணீர் இறைக்க ஒரு சுவிட்ச். உழுவதற்கு வாடகை இயந்திரம். வெங்காயத்துக்குக் களை பிடுங்க நாலு பெண்கள், ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலிக்கு. நீங்கள் வரம்பில் நின்று சத்தம் போட்டீர்கள். எக்சசைஸ் எல்லாம் உங்கள் தொண்டைக்குத்தான்.

இந்தப் பக்கம் நீங்கள் என்றால் மற்றப் பக்கம் அண்ணை. ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து போனில் முகம் தெரியும். புதுச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டுவார். "அப்பா, உந்தக் குளிசையெல்லாம் நஞ்சு. எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. நடந்தாலே காணும். என்னைப் பாருங்கோ."

"நீ குளிருக்கை நட, மோனை. இஞ்சை கவுண்மேந்து சும்மா குளிசை தருது. அதை விட்டிட்டு நான் ஏன் வேர்க்க வேணும்?"

ஒருவர் குளிசைக் கட்சி, மற்றவர் நடைக் கட்சி. இரண்டும் வேண்டும் என்று நான் வாய் திறந்தால் இரண்டு கட்சியும் கூட்டணி வைத்துக்கொண்டு என்மேல் பாயும். "நீ சின்னப் பிள்ளை, பேசாமலிரு." இருபத்தாறு வயதுச் சின்னப் பிள்ளை! குளிசையையும் ஒழுங்காய்ப் போடு, உடம்பையும் அசை, சோற்றையும் அளந்து சாப்பிடு. இது அவ்வளவு விளங்காத செய்தியா, அப்பா? அல்லது இதில் வெல்லத் தோற்க ஒன்றுமில்லை என்பதால் உங்கள் இருவருக்கும் சப்பென்று இருந்ததா?

பனைமட்டை வேலி அடைத்த அன்று கருக்கு உங்கள் வலது பெருவிரலடியைக் கீறியது. உங்களுக்கு நோகவில்லை. நோகாததுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சளும் எண்ணெயும் பூசினீர்கள். அடுத்த செவ்வாய் கிளினிக். வழக்கம்போல மூன்று நாள் பட்டினி. இலக்கம் திறம். "வேறை ஏதும் கரைச்சல் இருக்கோ, ஐயா?" என்று கேட்டார்கள். நீங்கள் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டு, "ஒண்டும் இல்லை" என்று சிரித்தீர்கள்.

நான் பக்கத்தில் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் விட்ட மனிதரின் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பெருவிரல். பிறகு பாதம். பிறகு நீங்கள்.

ஆசுப்பத்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் கொடுத்த இரத்தத்துக்குத்தான் அவர்கள் மருந்து தந்தார்கள்.

உங்கள் ஆட்டத்திவசம் வருவதற்கு முதலே அம்மாவுக்கும் கிளினிக் கொப்பி எழுதிவிட்டார்கள். கொப்பியோடு உங்கள் கெட்டித்தனத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். அதே சனிக்கிழமை, அதே பாகற்காய், அதே மோர். சண்டை பிடித்தேன். "கொப்பர் ஒருநாளும் பெயில் விட்டவரில்லை" என்று உங்கள் படத்தைக் காட்டினார். கொப்பர் இப்போது எங்கே என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் எப்போதும் அடக்காதவள் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

போன மாதம் திங்கட்கிழமை மத்தியானம் வேலையால் வந்தேன். அம்மா அடுப்படி நிலத்தில் இருக்கிறார். சேலை நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வேர்வை. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, "கொப்பர் தோட்டத்தாலை வந்திட்டாரோ?" என்று கேட்டார்.

எங்கோ கேள்விப்பட்டது நினைவுக்கு வந்து, அம்மா விழுங்கக்கூடியதாய் இருக்கிறார் என்று பார்த்து, சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். கால்மணி நேரத்தில் முகம் தெளிந்தது. தெளிந்தவுடன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை. ஊசி எண்டு எழுதிப்போடுவினம். ஊசி எண்டால் முடிஞ்சுது."

அடுத்தநாள் போய்ப் பாஸ் விட்டுவிட்டு வந்தார். நான் மறுபடியும் பக்கத்தில் நின்றேன். மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அன்று இரவு சாப்பிட முடியவில்லை எனக்கு.

இந்த ஊர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வாங்கிய புள்ளியிலிருந்து கிழவனின் இரத்தத்தில் இருக்கிற சீனிவரைக்கும் எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் வைத்து ஒப்பிட வேண்டும். வருத்தம் வந்தால் வருத்தமில்லை, குறைந்த புள்ளி எடுத்தால்தான் வெட்கம். சரி, நடந்து குறைப்போம் என்று ஒரு பெண் ஒழுங்கையில் இறங்கினால் அதற்கும் விடமாட்டார்கள். புருசனை இழந்த ஒருத்தி பின்னேரம் வேலையில்லாமல் நடக்கிறாள் என்றால் மூன்று படலை திறக்கும். "எங்கை, தனியவோ?" ஆண்கள் சந்தியில் இரண்டு மணித்தியாலம் நின்றால் யாரும் கேட்பதில்லை.

இந்தமுறை சனிக்கிழமை காலை நானே பிட்டு அவித்தேன்.

"விசரோ உனக்கு?" என்றார் அம்மா. "செவ்வாய்க்கிழமை கிளினிக்கடி."

"தெரியும். ஒவ்வொரு நாளும் சாப்பிடுறதைச் சாப்பிடுங்கோ. ஒவ்வொரு நாளும் போடுற குளிசையைப் போடுங்கோ. உங்கடை இரத்தத்தை அவை பார்க்கட்டும்."

"சனத்துக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்தப் போறியோ?"

"ஓம்."

அழுதார். நான் இளகவில்லை. பட்டினி கிடந்தால் நானே போய்ச் சொல்லுவேன் என்று வெருட்டினேன். தாயை வெருட்டிச் சாப்பிட வைத்த மகள் என்று என்னைப்பற்றி எழுதலாம்.

செவ்வாய், இலக்கம் இருநூற்றி நாற்பத்தொன்று. டொக்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "போனமுறை நூற்றிப் பதினெட்டு. என்னம்மா நடந்தது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார். பிறகு அவரே சொன்னார். "போனமுறை மூண்டு நாள் பட்டினி, பிள்ளை. குளிசையும் போட்டு, பட்டினியும் கிடந்து, விழுந்திட்டன். இதுதான் என்ரை சரியான கணக்கு."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். ஏசவில்லை. குளிசை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி விழும், விழுந்தால் ஆளையே கொண்டுபோகும் என்று மெதுவாய்ச் சொன்னார். பிறகு வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "இஞ்சை வேறை ஆரும் பட்டினி கிடந்தனீங்களோ?" என்று கேட்டார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். முன்வாங்கில் இருந்த பொன்னம்பலத்தார் மட்டும் பொறுக்க முடியாமல், "நான் ரெண்டு நாள்தான், மேம்" என்றார். வாங்கு குலுங்கிச் சிரித்தது. மூன்று நாள் கிடந்தவர்கள்தான் பலமாய்ச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு டொக்டர் அம்மாவிடம் செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து, விரலிடுக்கு விரலிடுக்காய்ப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், அப்பா. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊசி எழுதவில்லை. குளிசையை மாற்றி, அளவு கூட்டித் தந்தார். நாளுக்கு அரைமணி நேரம் நடக்கச் சொன்னார். சோற்றைக் கோப்பையின் கால்வாசிக்கு மட்டும் போடச் சொன்னார். ஊசி தேவைப்பட்டால் பிறகு போடலாம், அது தண்டனை இல்லை, மருந்து என்றார். கடைசியாய் என்னைப் பார்த்தார். "தாய்க்கும் சீனி, தகப்பனுக்கும் சீனி. நீர் எப்ப பார்த்தனீர்?"

"நான் ஓடித் திரியிறனான் மேம்" என்று சிரித்துவிட்டு எழும்பினேன். ஓடித் திரிகிறேன்தான், ஸ்கூட்டரில். மத்தியானம் ரோல்ஸ், பின்னேரம் கதிரை.

அன்றையிலிருந்து அம்மா கதைக்கவில்லை. ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு நடக்க இறங்குகிறார். என்னோடு இல்லை, எனக்குப் பத்தடி முன்னால். கோபத்தில் அவர் போகிற வேகத்துக்கு என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நேற்று ஒரு படலைக்காரி, "எங்கை, அக்கா?" என்று இழுத்தார். அம்மா நிற்கவேயில்லை. "சீனி குறைக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனத்துக்கு முன்னால் பெயில் விட்டதால்தான் என்னோடு கோபம் என்று ஐந்து நாளும் நினைத்திருந்தேன். இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு இன்றைக்கு நடக்கப் போனால், பனங்காணி மூலையில், திரும்பிப் பார்க்காமலே கதைத்தார்.

"டொக்டர் கடைசியிலை உன்னையெல்லே கேட்டவ. கொப்பர் மாதிரியே சிரிச்சுச் சமாளிச்சனி. நான் அங்கை சனத்துக்கு முன்னாலை உண்மை சொன்னது ஆருக்கெண்டு நினைச்சனி?"

உங்கள்மேலும் அண்ணைமேலும் ஊர்மேலும் ஒரு வருடமாய்ப் பாய்ந்து திரிந்தவளுக்கு, தன் விரல்நுனியில் ஒரு துளி குத்திப் பார்க்கப் பயம். வெட்கம்கூட இல்லை, வெறும் பயம். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா? அந்தச் சிரிப்புக்குப் பின்னால்? நான் ஒருநாளாவது கேட்டிருக்கலாம். ஏசத்தான் தெரிந்தது.

வருகிற வியாழக்கிழமை காலை இரத்தம் கொடுக்கப் போகிறேன். இடையில் ஒரு நேரச் சாப்பாட்டையும் குறைக்க மாட்டேன். முதல்நாள் பின்னேரம் வழக்கம்போலச் சந்திக் கடையில் கொத்துரொட்டி உண்டு. என்ன இலக்கம் வந்தாலும் அம்மாவுக்கு அன்றைக்கே சொல்லுவேன், அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லுவேன். குளிசை தந்தால் போடுவேன், நடக்கச் சொன்னால் அம்மாவை எட்டிப் பிடிக்கப் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களோடு இன்னும் கோபம் தீராத,
உங்கள் இளைய மகள்