பாய்லருக்குள் ஒரு திர்ஹம்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளாக இருந்தவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. இங்கே எல்லாரும் நலம். இந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டதால் உப்பளம் முழுக்க வெள்ளை வெளேரென்று குவித்துப் போட்டிருக்கிறார்கள். கேன்டீன் ஜன்னலைத் திறந்தால் கண் கூசுகிறது. நீங்கள் போட்ட கீற்றுப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டுவிட்டேன். திட்டாதீர்கள், கடல் காற்றுக்குக் கீற்று நிற்கவில்லை.

இதை எழுதச் சொன்னது சமூகப்பணித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஷீலா மேடம். யுனிவர்சிட்டி மலரில் போடுவார்களாம். "என்ன நடந்துச்சோ அதை உங்க போக்குல எழுதுங்கம்மா" என்றார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நான் என்னத்தை எழுதுவது? உங்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கெட்ட செய்தி. உங்கள் பாய்லர் கீழே விழுந்துவிட்டது. பதறாதீர்கள், எழுந்தும் விட்டது. நடுவில் நடந்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துபாய் கஃபட்டேரியாவில் டீ ஆற்றி ஆற்றிச் சலித்துப் போய் ஊருக்கு வந்து, இந்த யுனிவர்சிட்டி கேட்டுக்குள் கேன்டீன் எடுத்தீர்கள். செம்பு பாய்லர் வாங்கி, முதல் நாள் பிஸ்மில்லா சொல்லி அதற்குள் ஒரு திர்ஹம் காசைப் போட்டீர்கள், கூஜா படம் போட்ட காசு. தண்ணீர் கொதித்தால் காசு அடியில் துள்ளி டக் டக் என்று அடிக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "எனக்குக் கண்ணு கல்லாவுல, காது பாய்லர்ல" என்பீர்கள்.

நீங்கள் மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து, நான் தனியாகக் கடையைத் திறந்த காலையில் அந்த டக் டக் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. வீட்டில் உங்கள் சட்டை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, எல்லாம் வாய் பேசாத சாமான்கள். இது மட்டும்தான் காலையில் என்னோடு பேசியது.

சதீஷை உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் குப்பத்துப் பையன், "பாய், இன்னொரு பன்னு" என்று உங்களிடம் ஒட்டிக்கொண்டே நிற்பானே, அவன்தான். விக்னேஷ் நீங்கள் போன பிறகு சேர்ந்தவன். சேலத்துப் பையன், ஹாஸ்டலில் இருக்கிறான், வாய்க்குப் பூட்டே கிடையாது. இரண்டு பேரும் ஒரே கிளாஸ். அன்றைக்கு ஏதோ மேட்சில் தோற்றுவிட்டு, உன்னால் தோற்றோம், உன்னால் தோற்றோம் என்று பேசிக்கொண்டே கேன்டீனுக்குள் வந்தார்கள். சதீஷ் என்னிடம் டீ கேட்டான்.

"டேய், உங்க ஊர்ல டீயெல்லாம்கூட குடிப்பீங்களாடா?" என்றான் விக்னேஷ்.

அவ்வளவுதான். சதீஷ் ஸ்டூலைத் தூக்கிவிட்டான். அவன் வீச, இவன் தள்ள, ஸ்டூல் பாய்லர் மேல் விழுந்து, பாய்லர் மேடையிலிருந்து தரையில் விழுந்து, கொதிக்கிற தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது. யார் மேலும் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பாய்லருக்கு ஒரு பக்கம் நசுங்கி, குழாய் பிய்ந்து, மூடி எங்கோ போய்விட்டது. நான் உள்ளே கையை விட்டுத் துழாவினேன். காசு இல்லை.

என் வாய் உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு நான் கத்தின கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன பஸ்காரன் எட்டிப் பார்த்திருப்பான்.

ரெஜிஸ்ட்ரார் சார் ஓடி வந்தார். கம்ப்ளெயின்ட் ஒன்றை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டால் போலீஸுக்குப் போகும், இரண்டு பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "கவலைப்படாதீங்கம்மா, புது எலெக்ட்ரிக் பாய்லரே வாங்கித் தந்துடுறோம்" என்றார். "அதுல காசு சத்தம் கேக்குமா சார்?" என்றேன். மனுஷர் பேந்தப் பேந்த விழித்தார். "பேனா குடுங்க" என்றேன்.

அப்போதுதான் ஷீலா மேடம் குறுக்கே வந்தார். "கையெழுத்து எங்கயும் ஓடிடாதும்மா. ஒரு தடவை எல்லாரும் வட்டமா உக்காந்து பேசிப் பாக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம், அவங்களுக்கு என்ன வேணும், செஞ்சவங்க அதை எப்படிச் சரி பண்ணப் போறாங்கன்னு முதல்ல கேப்போம். தண்டனையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"ஏம்மா, ஸ்டூல் தூக்கி அடிச்சவனுங்கள உக்கார வெச்சுப் பந்தி போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் "விடு ஜமீலா, விடு விடு" என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். இழுக்க ஆளில்லாததால் நானே போனேன்.

செமினார் ஹாலில் மேஜையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான், அந்த இரண்டு பையன்கள், சதீஷின் அம்மா, ஷீலா மேடம். ரெஜிஸ்ட்ரார் சார் கதவோரமாக ஒரு நாற்காலியின் நுனியில். மீன் விற்ற கையோடு வந்திருந்த சதீஷின் அம்மா கூடையை வெளியே வைத்துவிட்டு அடிக்கடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கையில் ஒரு பொருள் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அதுதான் வட்டத்து முறையாம். மேடம் தன் பொருளை எடுத்துவர மறந்துவிட்டார். ஓரத்தில் கிடந்த நம் டீ கிளாஸ் ஒன்றை எடுத்து, "இதுவே போதும்" என்றார்.

கிளாஸ் முதலில் விக்னேஷிடம் போனது. பழக்க தோஷத்தில் அதை வாயில் வைத்து உறிஞ்சப் போனான். "பாரு பாரு, இந்த நேரத்துலயும் டீ கேக்குது இதுக்கு" என்று நான் ஆரம்பித்தேன். "அம்மா, கிளாஸ் உங்க கையில இல்ல" என்றார் மேடம். பார்த்தீர்களா? நம் கேன்டீன் கிளாஸ் என் வாயையே மூடவைத்துவிட்டது. உங்களால் ஒரு நாளாவது முடிந்ததா?

விக்னேஷ், "சும்மா ஜாலிக்குத்தான் சொன்னேன், அதுக்குப் போய் அடிக்க வந்துட்டான்" என்றான். கிளாஸ் சதீஷிடம் போனது. அவன் அதை உருட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு கிளாஸைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்க ஊர்ல விஷச் சாராயம் குடிச்சு செத்தாங்கல்ல. அதுல எங்கப்பாவும் ஒருத்தரு. காலேஜ்ல யார்கிட்டயும் சொன்னதில்ல."

விக்னேஷின் முகம் வெளுத்துவிட்டது. "ஊரு விஷயம்னுதான் கிண்டல் பண்ணேன், உங்கப்பான்னு எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாதுடா" என்றான். கிளாஸ் அவன் கையில் இல்லை. மேடம் தடுக்கவில்லை. சதீஷின் அம்மா கிளாஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்கப்பன் பேச்ச இவன் வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன்" என்றாள். கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டாள்.

நானும் வண்டி வண்டியாகத் திட்டலாம் என்றுதான் கட்டி வைத்திருந்தேன். கிளாஸ் கைக்கு வந்ததும் வேறு ஏதோ வந்துவிட்டது. காசைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சத்தம் கேட்காமல் காலையில் கடையைத் திறக்கவே பிடிக்கவில்லை என்றேன். மகள் நஸ்ரின் சென்னைக்கு வந்துவிடு என்று கூப்பிடுகிறாள், மூடிவிட்டுப் போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன், போங்கள்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் மேடம்.

நீங்கள் போனதிலிருந்து நான் என்ன செய்ய வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாய்லரை ஒடுக்கெடுத்துக் கொண்டுவரணும். காசைத் தேடணும். செமஸ்டர் முடியற வரைக்கும் இரண்டு பேரும் காலையில் கிளாஸுக்கு முன்னால் வந்து என்னோடு வேலை செய்யணும். பையன்கள் தலையாட்டினார்கள். ரெஜிஸ்ட்ரார் சார் கம்ப்ளெயின்ட் பேப்பரைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டார். "சின்னதா ஒரு தப்பு நடந்தாலும் நீங்க கையெழுத்துப் போட்டுடணும்மா" என்றார். சரி என்றேன். அப்போது அந்த எண்ணமும் எனக்கு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பாய்லர் திண்டிவனத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போனது. பையன்கள் கேன்டீன் சாக்கடையைக் கிண்டினார்கள், காசு கிடைக்கவில்லை. காலையில் ஒழுங்காகத்தான் வந்தார்கள். ஆனால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை. "அவன கிளாஸ் கழுவச் சொல்லுங்க பாயம்மா" என்று என் வழியாகவே பேச்சு. எனக்கு இரண்டு மருமகள் வந்த மாதிரி இருந்தது.

ஒரு காலையில் நான் பால்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, விக்னேஷ் கேஸ் அடுப்பில் தேக்சாவை வைத்துத் தண்ணீர் நிரப்பியிருக்கிறான். எந்தத் தண்ணீர்? பாத்திரம் கழுவுகிற போர் தண்ணீர்! உப்பளத்துக்குப் பக்கத்தில் போர் போட்டால் என்ன வரும்? சேலத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும், குழாயில் வருவதெல்லாம் தண்ணீர் என்று நினைத்திருக்கிறான். முதல் டீ யாருக்குப் போனது தெரியுமா? நம் ரெஜிஸ்ட்ரார் சாருக்கு. சுகர்காரர், பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, வெறும் டிக்காஷன்.

ஒரு வாய் குடித்தார். நின்றபடியே ஜன்னலுக்கு வெளியே துப்பினார். இருமலோ இருமல். நான் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். யா அல்லாஹ், கடலைக் காய்ச்சி வைத்திருக்கிறான்!

"பாத்தீங்களா? வேணும்னே பண்றானுங்க. இதுங்க திருந்தாதும்மா. போடுங்க கையெழுத்தை" என்று ஃபைலைத் திறந்துவிட்டார். விக்னேஷ் கரண்டியும் கையுமாக நின்றான்.

"அவன் வேணும்னு பண்ணல சார்" என்றான் சதீஷ். "அவனுக்கு உப்புத் தண்ணி தெரியாது. அவன் புடிக்கிறத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அவன்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன். என்மேல எழுதுங்க."

விக்னேஷ் அவனைத் திரும்பிப் பார்த்தான். "ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"நீ கேட்டியாடா?"

"நீ மூஞ்சியக் குடுத்தாதானேடா கேக்க முடியும்!"

எனக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ. ரெஜிஸ்ட்ரார் சாரின் மீசையில் டிக்காஷன் சொட்டிக்கொண்டிருந்தது, அதுதான் காரணமோ என்னவோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். பையன்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். "கையெழுத்தெல்லாம் வேணாம் சார், பேப்பரை நீங்களே வெச்சுக்குங்க. உக்காருங்க, நல்ல தண்ணியில ஒரு டீ போடுறேன்" என்றேன். மனுஷர் உட்கார்ந்தார். அன்றைக்கே அந்தப் பேப்பரைக் கிழித்தும் போட்டார்.

பாய்லர் வந்தது. பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி வந்தது. தண்ணீர் ஊற்றினேன், கொதித்தது. சத்தம்தான் இல்லை. என் முகம் எதைத்தான் மறைத்திருக்கிறது? சில நாள் கழித்து சதீஷின் அம்மா மீன் கூடையோடு வந்து, "எந்தம்பி சார்ஜாவுலேர்ந்து வந்தான்" என்று ஒரு திர்ஹத்தை என் கையில் வைத்தாள். மறுவாரம் விக்னேஷ் ஒன்று கொண்டுவந்தான், அவன் சித்தப்பா அபுதாபியாம். ஹாஸ்டலில் இந்தக் கதை பரவிவிட்டது. நம் ஊர் கூனிமேட்டில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு ஏது? ஆளாளுக்கு ஒன்று. குவைத் காசு, சவூதி காசு என்று வந்து குவிந்தது. கடைசியில் ரெஜிஸ்ட்ரார் சார் வந்து, என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒரு திர்ஹத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, "மருமகன் மஸ்கட்ல இருந்து வர்ற வழியில துபாய்ல இறங்கினாரு" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எல்லாவற்றையும் போட்டேன். இப்போது அது டக் டக் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் கரண்டிகள் இடிபடுகிற மாதிரி கலகலவென்று ஒரே ரகளை. லைப்ரரி வரைக்கும் கேட்கிறது என்று புகார் வந்திருக்கிறது.

இனிமேல்தான் உங்களுக்கான செய்தி. போன வாரம், கேன்டீன் சாக்கடை போய் விழுகிற பின்பக்கத்துத் தண்ணீர்க் குழி அடைத்துக்கொண்டது. பையன்கள் இரண்டு பேரும் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். செமஸ்டர் முடிந்துவிட்டது, வர வேண்டியதே இல்லை, ஆனாலும் வருகிறார்கள். "பாயம்மா! பாயம்மா!" என்று ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், சதீஷின் உள்ளங்கையில் சேறு, சேற்றுக்குள் உங்கள் காசு. கறுத்துப் போயிருந்தது. முந்தானையில் தேய்த்ததும் கூஜா தெரிந்தது. நீங்களே கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"மத்த காசெல்லாம் எடுத்துடலாம் பாயம்மா" என்றான் விக்னேஷ். "அப்பதான் பாயோட சத்தம் தனியா கேக்கும்."

எனக்கும் ஆசைதான். எடுத்துவிடலாம் என்று பாய்லர் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"வேணாம்டா" என்றேன். "அவரு எப்பவும் நாலு பேரோட உக்காந்து அரட்டை அடிக்கிற மனுஷன். தனியா போட்டா சங்கடப்படுவாரு."

போட்டுவிட்டேன். தண்ணீர் கொதித்ததும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். அத்தனை சத்தத்தில் எது உங்கள் சத்தம்? தெரியவில்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

நஸ்ரினிடம் சென்னைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எனக்காக துஆ செய்யுங்கள், நானும் செய்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பாய்லரில் தண்ணீர் தீர விடமாட்டேன், சத்தம் நிற்க விடமாட்டேன். நல்ல தண்ணீர்தான் ஊற்றுவேன், சத்தியமாக.

இன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரியான,
ஜமீலா