டெரிக் பேண்ட் போட ஆரம்பித்துவிட்டான்

டேட்டன், ஒஹாயோ
செப்டம்பர் 12, 1993

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உங்கள் ராணுவ முகாமில் குளிர் இப்போதே ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தாய், இங்கே நேர்மாறாக செப்டம்பர் பிறந்தும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தக்காளி இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, கூடையோடு என்னைக் கண்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள். துணி துவைக்கும் மெஷின் மறுபடி ஒழுகுகிறது, அப்பா பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறார், ஊரார் வீட்டு ஏ.சி.யையெல்லாம் சரிபார்க்கிற மனுஷனுக்குத் தன் வீட்டு மெஷினைப் பார்க்க நேரமில்லை. நான் எதையோ சொல்ல வந்து சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். விஷயம் உன் தம்பியைப் பற்றி. டெரிக் பேண்ட் போட ஆரம்பித்துவிட்டான்.

இதற்கு ஒரு கடிதமா என்று சிரிக்காதே. நீ போன பிறகு இங்கே பையன்கள் என்ன கோலத்தில் திரிகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ எட்டு வயதில் ஆட ஆரம்பித்தபோது கால்பந்து என்றாலே இந்த ஊர் சிரித்தது, முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுவதுதான் ஆட்டம், மற்றதெல்லாம் பெண்பிள்ளை விளையாட்டு என்று ரே மாமா அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா அதுவரை கால்பந்தை உதைத்ததே இல்லை, நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து அதை ஒரு கையில் பிரித்துப் பிடித்தபடி மறு கையால் விசில் ஊதி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சீருடை என்று என்ன இருந்தது, மஞ்சள் பனியனில் நான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டின எண், அதுவும் இரண்டு துவைப்பில் உரிந்துவிடும். ஆட்டம் முடிந்த கையோடு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நீ காருக்குள்ளேயே ஜீன்ஸை மாட்டிக்கொள்வாய். இப்போது எல்லாம் தலைகீழ். சனிக்கிழமை காலையில் இந்த ஊரில் காலியாக ஒரு புல்தரை கிடையாது. பந்தையே தொடாத பையன்கூட அந்த வழவழ நைலான் அரை டிராயரும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டு, சாக்ஸுக்கு மேல் ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், கடை, சர்ச் எங்கும் போய்விட்டு வருகிறான். துணிக்கடையில் பையன்களுக்கான பேண்ட் மாட்டியிருந்த சுவர் முழுக்க இப்போது அந்த டிராயர்தான், நீலம், பச்சை, ஊதா, கண்ணைக் குத்துகிற கட்டம். பேண்ட் எங்கேம்மா என்று கேட்டேன், விற்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "பையனுக்கா மேடம்? வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்கிறாள்.

இந்தக் கூத்தில் டெரிக்தான் முதல் ஆள். போன ஜனவரியில் முழங்கால் ஆழம் பனி, பஸ்ஸுக்கு நிற்கிறான், மேலே கம்பளி கோட்டு, தலையில் குல்லாய், கீழே அந்த டிராயர், தொடை இரண்டும் வேகவைத்த பீட்ரூட்டாகச் சிவந்து கிடக்கிறது. குளிரலையாடா என்றால் "குளிரலம்மா, எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க" என்பான், பல் மட்டும் தந்தியடிக்கும். கெஞ்சினேன், மிரட்டினேன், டிராயரையெல்லாம் ஒளித்து வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவரே, உலகத்து அம்மாக்கள் எது எதற்கோ கேட்கிறார்கள், நான் இந்தப் பையன் காலில் ஒரு பேண்ட்டைத்தான் கேட்கிறேன் என்று நான் ஜெபம் பண்ணினதுகூட உண்டு. அப்படிக் கேட்ட என் வாயை எதால் அடிப்பது.

ஜூனில் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். ஊருக்குள் ஆடுகிற சின்ன டீம்கள் இல்லை, வெளியூருக்குப் போய் ஆடுகிற பெரிய டீம், அப்பாதான் கோச், டெரிக் இரண்டு வருஷமாக அதில் இருந்தான். இந்த முறை பையன்கள் வந்து குவிந்துவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு இடம் மிச்சம், அதற்கு டெரிக்கும் புதிதாக வந்த ஆன்டனி என்ற பையனும். அவன் ஓடினால் கண்ணுக்குத் தெரியமாட்டேன் என்கிறான், நம் பிள்ளைக்குக் கால் கனம், அதை நானே சொல்வேன். ஆள் எடுக்கக் கூட இருந்த வேறு இரண்டு பையன்களின் அப்பாமாரும் உங்கள் இஷ்டம் ஹாரல்ட் என்று அப்பாவிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். உன் அப்பாவின் நேர்மை உனக்குத் தெரியும், சில நாள் அதைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்று எனக்கு வரும். எடுக்காத பையன்களின் வீட்டுக்கு அவரே போன் பண்ணி அந்தப் பையனையே கூப்பிட்டுச் சொல்வார், அம்மாக்களிடம் சொல்லி அனுப்புகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அன்று சாயங்காலமும் சமையலறைச் சுவரோரம் நின்று ஒவ்வொருவனிடமாகப் பேசினார். டெரிக் மேஜையில் மக்கரோனி தின்றுகொண்டே ஒவ்வொரு பேரையும் கேட்டுவிட்டு, "ஐயோ, அவன் பாவம்மா" என்று என்னிடம் கிசுகிசுத்தான். அப்பா கடைசி போனை வைத்தார், வைத்தவர் அங்கேயே நின்றார். இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான் என்றார். "யாருப்பா?" என்று கேட்டான், வாயில் மக்கரோனியோடு. ரஸ்ஸல், நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் "சரிப்பா" என்று மட்டும் சத்தம் கேட்டது, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டான். அழுதிருந்தால் கட்டிக்கொண்டாவது இருப்பேன்.

மறுநாள் காலையில், முன்பு ஒரு கல்யாணத்துக்காக வாங்கின பழுப்பு கார்டுராய் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். அன்றிலிருந்து அப்படித்தான். ஜூலை வெயிலில் தார் உருகுகிறது, இவன் அந்தத் தடிமன் பேண்ட்டோடு சைக்கிள் விடுகிறான். இந்த ஊரில் இப்போது டிராயர் போடாதவன்தான் தனியாகத் தெரிகிறான், தெருவில் எல்லாப் பையன்களுக்கும் முழங்கால் தெரிகிறது, இவன் ஒருத்தன் மட்டும் பாங்கிக்குக் கிளம்பினவன் மாதிரி. பள்ளிக்கூடம் திறந்த அன்று டீமில் இருக்கிற பக்கத்து வீட்டுக் கர்ட்டிஸ், "என்னடா, ஆபீஸ்ல எத்தனை மணிக்கு மீட்டிங்?" என்று கேட்டானாம். பந்து பக்கமே போகாத பையன்கள்கூடப் போட்டுக்கொண்டுதானே திரிகிறார்கள், நீயும் போட்டுக்கொள்ளேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அதற்கு அவன், "அவங்க போட்டா அது வெறும் டிராயர்ம்மா. நான் போட்டா, பாருடா டீம்ல எடுக்கலன்னாலும் விடமாட்டேங்கறான்னு சிரிப்பாங்க" என்றான். பதினோரு வயதுக்கு இவ்வளவு யோசனை எதற்கு. சர்ச்சில் ஹாஸ்கெல் அம்மாள் வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரிலேயே உங்கள் பிள்ளை ஒருத்தன்தான் பார்க்க லட்சணமாக உடுத்துகிறான், எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள், எங்கள் பேரனுக்கும் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். நன்றி என்று சொல்லிவிட்டு நேரே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பாவோடு சண்டையும் போட்டாயிற்று. பெற்ற பிள்ளைக்கு ஓர் இடம் கொடுத்தால் உங்கள் சொத்தா கரைந்துவிடும் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வச்சிருந்தா அவன் வருஷம் பூரா பெஞ்சுலதான் உட்காருவான் மார்லீன், கோச் பிள்ளைங்கறதாலதான் இருக்கான்னு அவன் காதுபடவே பேசுவாங்க, அது இதைவிடக் கொடுமை" என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. அவர் சொல்வதும் சரி, அவன் படுவதும் நியாயம், நடுவில் நான் எதைப் பிடித்து இழுப்பது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், உப்பை நகர்த்தப்பா, இந்தாடா, அதோடு சரி.

நேற்று முதல் ஆட்டம். இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுபோவது கோச் பெண்டாட்டி தலையெழுத்து, உன் காலத்திலிருந்தே செய்கிறேன். டெரிக்கை நான் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து, "பெட்டி கனமா இருக்கும்மா, நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்று காரில் ஏறினான். அந்தப் பழுப்பு பேண்ட்டோடு மைதானத்து எல்லைக் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில்தான் நின்றான். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது, கர்ட்டிஸ் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், இரண்டு பேர் அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு ஆட்டம் நடக்கும்போது வேறு உலகமே கிடையாது என்று உனக்குத் தெரியும். சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினார், கண் இவன் மேல் விழுந்தது, "டெரிக், நீ இறங்கு! என்னடா பேண்ட்டோட நிக்கற? கழட்டிட்டு ஓடுடா, சீக்கிரம்!" என்று கத்தினார். இரண்டு வருஷப் பழக்கம், வேறொன்றுமில்லை. இவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை ரஸ்ஸல். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று, பேண்ட்டை இடுப்பிலிருந்து இறக்கினான், உள்ளே டீமின் போன வருஷத்து நீல டிராயர். இத்தனை நாள் அந்த வெயிலில் அதை உள்ளே போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறான். துவைக்கக்கூடப் போடாமல் எப்படி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை, பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. பார்த்தார். அப்புறம் மெதுவாக, "இல்லடா... ஆன்டனி, நீ போ" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். டெரிக் குனிந்து பேண்ட்டை மேலே ஏற்றினான், பொத்தான் சரியாக மாட்டவில்லை, நான் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினான். இடைவேளையில் ஆரஞ்சுப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவன்தான் பிடித்தான், எல்லோருக்கும் கொடுத்தான், கர்ட்டிஸுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். நம் டீம் ஜெயித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா சட்டைகூட மாற்றாமல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். காபி கொண்டுபோனேன். கையில் திருப்புளி இருக்கிறது, எதைத் திருக வேண்டும் என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது, இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. காபியை வைத்துவிட்டு மேலே வந்தேன், மேலே இவன் கதவுக்கு வெளியே நின்றேன், தட்டவில்லை, மறுபடி கீழே வந்தேன். நேற்று முழுக்க அந்த மாடிப்படியில் ஏறி இறங்கினதுதான் நான் செய்த ஒரே காரியம்.

உன்னை அங்கே கவலைப்பட வைக்கவேண்டும் என்று எழுதவில்லை கண்ணா, இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதினேன். நீ வந்து செய்ய எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். நீ குளிரில் வெளியே போகும்போது காலை மூடிக்கொண்டு போ, ராத்திரிக் காவல் இருந்தால் இரண்டு சாக்ஸ் போடு, கடிதத்துக்குச் சோம்பல் படாதே. ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும், போன மாதிரியே முழுசாகத் திரும்பி வந்து சேர். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாதக் கடைசியில் நீ போன் பண்ணும்போது, டெரிக்கைக் கூப்பிடுங்கள் என்று எப்போதும்போல் அவசரப்படாதே, முதலில் அப்பாவோடு பேசு. ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதே. சாப்பிட்டீர்களா என்று கேள், போதும்.

உன் பிரியமுள்ள
அம்மா