இடப்பக்க ஸ்டியரிங்

12 ஜூன் 1988
பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது. 1966 மஸ்டாங், அமெரிக்க வண்டி, இரண்டு கதவு, ஒரே டிரைவர் ஓட்டியது. அந்த ஒரே டிரைவர் நான். முதலாளி இறந்து ஏழு மாதம். மில்லையும் பூட்டியாகிவிட்டது. முதலாளியம்மா மகனோடு மெட்ராஸ் போகிறார்கள். வருகிறவர்களுக்கு என்னையே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

15 ஜூன்
மதுரை கண் ஆஸ்பத்திரி. வலது கண் முக்கால்வாசி போய்விட்டதாம். போனது திரும்பாது. என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். வாட்ச்மேன் என்றேன். வீட்டில் மனைவி தங்கபாயிடம் பல்வலிக்குப் போனதாகச் சொன்னேன்.

20 ஜூன்
மெழுகு போட்டுத் துடைத்தேன். யாரும் வரவில்லை.

26 ஜூன்
சிவகாசி அச்சாபீஸ்காரர் வைகுண்டராஜ் வந்தார். ஒரு கீறல் இல்லை, சீட்டுத் தோலில் ஒரு வெடிப்பு இல்லை என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் ஓட்டத்தான் ஆள் வேண்டுமாம். "வண்டியோட நீங்களும் வந்துருங்க அண்ணாச்சி. இருக்க வீடும் தாரேன்."

தங்கபாய் கேட்டு அழுதுவிட்டாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்தே அவள் கை வீங்கிக் கிடக்கிறது. மகள் செல்லக்கனியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துவிடலாம் என்றாள். இனி எப்படிச் சொல்வது?

3 ஜூலை
ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நல்லபடி ஓட்டிக் காட்டினேன். செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு மாட்டுவண்டியைத் தாண்ட வலப்பக்கம் ஏறினேன். பக்கத்திலிருந்த வைகுண்டராஜ் கத்தினார். பிரேக்கை மிதித்தேன். ரோட்டோரம் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். புல்லுக்கட்டு ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி இல்லை.

அவர் இறங்கி, "ஏட்டி, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று ஏசினார்.

"நான் ஓரமாத்தானய்யா வந்தேன்" என்றாள்.

ஓரமாகத்தான் வந்திருப்பாள். நான் பார்க்கவே இல்லை. வாயைத் திறக்கவில்லை. புல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது, நல்ல பிரேக், நல்ல கை என்றார்.

4 ஜூலை
பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு நானும் போக வேண்டும்.

6 ஜூலை
அந்தப் பொம்பளைக்கு என்ன பேரோ. செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கிட்டுப் போனாளே. கண்ணு தெரியாதவன் நான்தான்னு சொல்ல ஏன் எனக்கு வாய் வரல? இன்னொரு நாள் இன்னொருத்தி வருவா — அப்பவும் பிரேக்கு பிடிக்குமா?

10 ஜூலை
சாவியைக் கொடுத்துவிட்டு, கண்ணைப் பற்றிச் சொன்னேன். வைகுண்டராஜ் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். "என்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டுல்லா ஓட்டுனிய அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். சிவகாசியிலிருந்து வேறொரு டிரைவரை வரவழைத்தார். வண்டி போகும்போது முதலாளியம்மா வாசலில் நின்றார்கள். என் பக்கம் திரும்பவில்லை.

தங்கபாய் கேட்டது ஒன்றுதான். "என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

22 ஆகஸ்ட்
பஸ் ஏறிப் போய்ச் செண்பகத்தோப்பு ரோட்டில் மூன்று மணி நேரம் நின்றேன். புல்லுக்கட்டோடு எத்தனையோ பேர் போனார்கள். அதில் அவள் யார் என்று தெரியவில்லை. அன்று அவள் முகத்தையும் நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

12 நவம்பர் 1989
அப்பா சொல்லச் சொல்ல, செல்லக்கனி எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை. இடது கண்ணிலும் இனி வெளிச்சம் மட்டும்தான். தங்கபாய் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். செல்லக்கனி நன்றாகப் படிக்கிறாள்.

அப்பா சொன்னது இவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு இருபது நாளாகிறது. அம்மாவோடு துணி மடிக்கப் போகிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் சொன்னவரைக்கும் வாசித்தேன்.