முகமில்லாத படங்கள்

4 ஜூன் 1931, வியாழன். இரத்தினபுரி

காலையிலிருந்து மழை. கல்யாண ஜோடி ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் கோட்டை இழுத்துவிட்டு, பெண்ணின் கையை மேசைமேல் வைத்து, எல்லாம் செய்தேன். பிறகு இருட்டறையில் பார்த்தால் பிளேட்டின் மூடியைத் திறக்காமலே படம் பிடித்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஆனதில்லை. அவர்களை நாளைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

புத்தி முழுக்கக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. என் மனைவி மஹ்மூதாவை அங்கே கொண்டுபோய் விட்டு ஒரு வாரமாகிறது. வயிற்றில் கட்டி என்கிறார்கள்.

7 ஜூன், ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அவிசாவளையில் ரயில் மாறவேண்டும். மாறினேனா என்றுகூட நினைவில்லை.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஏரம்பமூர்த்தி என்னை வெளியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், வளைத்துப் பேசத் தெரியாதவர். “வெட்டி எடுத்தால் தப்பலாம். விட்டால் என்னால ஒண்டும் சொல்லேலாது. பெரிய டாக்குத்தர் இருபத்தஞ்சாந் திகதி வாறார், அதுக்கிடையில மனுசிய சம்மதிக்க வையுங்கோ” என்றார்.

அவள் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். அல்லாஹ் விட்ட வழி என்கிறாள். கெஞ்சினேன், கோபப்பட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பேச்சை மாற்றத்தானோ என்னவோ, “வர வழில என்னத்த கண்டீங்க?” என்று கேட்டாள். நான் எதையும் பார்த்திருக்கவில்லை. அவளைத் திரை போட்ட காரில் கூட்டிப்போனோம். அவளும் ஒன்றும் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து தெரிவது சுண்ணாம்புச் சுவர் மட்டும்.

9 ஜூன்

விற்பனைக்கு வைத்திருந்த பெட்டிக் கமராவை எடுத்துத் துடைத்தேன். வெள்ளைக்காரர்கள் நாயையும் பிள்ளையையும் எடுக்கிற சாமான். இதையா நான் தூக்கிக்கொண்டு திரிவது? ஆனாலும் வழியைக் கேட்டாளே. கொண்டுபோய்க் காட்டுவோம்.

11 ஜூன், வியாழன்

தெஹியோவிட்டயில் ரயில் நின்றபோது இறங்கி, மேடையில் நின்ற தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தினேன். கங்காணி கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். பெண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் துடைத்தார்கள். மூச்சுவிடாமல் நின்றார்கள். நல்ல படம்.

14 ஜூன், ஞாயிறு

முகம் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது. பெருமையோடு கொடுத்தேன். மஹ்மூதா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்தக் கட்டில்லதான் இருந்து தொழுறன். தொழுற எடத்துல முகம் வெக்க ஏலா. நான் வழியத்தானே கேட்டன்.”

எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் கிடையாது, படம்பிடிக்கிறவன் வீட்டில். இருபது வருஷமாக முகத்தை வைத்தே சோறு தின்றவன். கமராவைத் தூக்கினால் கை தானாக முகத்தைத் தேடிப்போய்விட்டது. முகத்தை எடுத்துவிட்டால் எனக்கு என்னதான் எடுக்கத் தெரியும்?

ஒப்பரேசன் பேச்சை எடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

16 ஜூன்

தூக்கமில்லை. திகதி நெருங்குகிறது. வேண்டாம் என்றே நின்றுவிட்டால்? யா அல்லாஹ், நான் என்ன செய்வேன்.

18 ஜூன், வியாழன்

முகம் கூடாது என்றதால் இன்று யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தாவிட்டால் எதுவும் நிற்காது என்று ரயிலில்தான் தெரிந்தது. ஆறு வருகிறது, கமராவைத் தூக்குமுன் போய்விடுகிறது. றப்பர் மரங்கள் ஓடுகின்றன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பார்க்காமலே அமுக்கினேன். பிறகு மேடையில் இறங்கி, கூடையோடு நடந்த பெண்களைப் பின்னாலிருந்து எடுத்தேன். அவர்களோடு போன இராமசாமி என்ற தோட்டத்துக் கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

“ஏங்கய்யா, எங்க முதுகப் போயி புடிக்கிறீங்க? முன்னாடி நல்லாத்தானே இருக்கோம்?”

காரணம் சொன்னேன். “அப்பிடீன்னா நல்லா புடிங்க” என்று மறுபடி திரும்பி நின்று, முதுகை நிமிர்த்திக் காட்டினார். சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். அவள் அங்கே படுத்திருக்க எனக்குச் சிரிப்பு வருகிறது — என்ன மனுஷன் நான்? ஆனால் பிலிம் சுருள் முடிந்தபோது இன்னொன்று கொண்டுவந்திருக்கலாமே என்றுதான் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

19 ஜூன்

கழுவியாயிற்று. பாதி கோணல். ஒன்றில் தந்திக்கம்பம் மட்டும். ஒன்றில் பாலத்தில் போகும் யாரோ ஒருவரின் குடையைக் காற்று புரட்டிவிட்டது. கீழே ஆறு கலங்கலாக ஓடுகிறது, எல்லாமே அசைந்து போயிருக்கிறது. ஸ்டூடியோவில் இப்படி ஒன்று விழுந்தால் கிழித்துப் போடுவேன். கிழிக்கப் போனேன், மனசு வரவில்லை. கொண்டுபோகவா, விடவா?

21 ஜூன், ஞாயிறு

கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இராமசாமியின் முதுகுக்குச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடைப் படத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

“இது எங்க ஈக்கிற?”

இந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான், நடந்தே போய்விடலாம் என்றேன். “இவ்வளவு கிட்டயா?” என்றாள். அப்போதிக்கரி வந்தபோது அவளே அவரிடம் கேட்டாள்: “வெட்டினா, திரும்ப நடக்க எவ்வளவு நாளாகும்?”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் முன்னால் அழக்கூடாது.

25 ஜூன், வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஓதுகிறேன், பாதியில் விட்டுப்போகிறது, மறுபடி முதலிலிருந்து.

26 ஜூன்

உயிர் இருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை.

29 ஜூன்

காய்ச்சல். ஏரம்பமூர்த்தி என்னைப் பார்க்காமல் பேசுகிறார். அது நல்லதற்கா கெட்டதற்கா?

2 ஜூலை

காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள், உப்பில்லை என்று குறை சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

18 ஜூலை, சனி. வீடு

இன்று கூட்டிவந்தேன். கார் ஏற்பாடு செய்கிறேன் என்றேன், ரயில்தான் வேண்டும் என்றாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அந்தப் பாலத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆறு படத்தில் இருந்ததைவிட அகலம் என்றாள்.

ரயிலில் ஜன்னல் பக்கம் அவள். இதை எடுங்க, அதை எடுங்க என்று கை நீட்டிக்கொண்டே வந்தாள். மேகம் மூடியிருக்கிறது, ஒன்றும் விழாது என்றேன். “பரவாயில்ல, எடுங்க” என்றாள். எடுத்தேன். குருவிட்ட ஸ்டேஷன் வருமுன்பே சுருள் முடிந்துவிட்டது, அவளிடம் சொல்லவில்லை. அவள் காட்டிய பக்கமெல்லாம் கமராவைத் திருப்பி, வெறுமனே அமுக்கிக்கொண்டே வந்தேன்.

இப்போது உறங்குகிறாள். சுருள் மேசைமேல் இருக்கிறது. கழுவுவதற்கு அவசரமில்லை.