அவர் எச்சில் கொடுத்த கதை

பிப்ரவரி 9, ஞாயிறு

கோரமண்டலில் இன்று பல் மருத்துவ முகாம். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். இவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் உள்ளே பீடி பிடிக்க விடமாட்டார்கள். அதற்காகக் கன்னத்தில் அடக்கிய புகையிலை, சுரங்கத்தை மூடிய பிறகும் இவரை விடவில்லை. வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு.

டாக்டர் லவினா சின்னப் பெண்தான். "செல் கெட்டுப்போனா எச்சில்ல ஒரு என்சைம் ஏறும்மா. அதைப் பார்த்துட்டு, திட்டுல சதை எடுத்தும் பார்க்கலாம்" என்றார். நாளைக் காலை பல் தேய்க்காமல், வெறும் வயிற்றில் அவருடைய பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிப்ரவரி 10

போய்க் குப்பியில் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 13

என்சைம் ரொம்ப அதிகமாம். லவினா போனில் சொன்னார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருந்தது, அரிசி போடத் தோன்றவில்லை. முருகா, இந்த மனுஷனை என்கிட்டருந்து பிடுங்கிக்காதே.

பிப்ரவரி 14

கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பல் தேய்க்காமத்தானே வந்தீங்க?" என்று லவினா கேட்டதும் இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டரம்மா முன்னாடி வாய் நாறக்கூடாதுன்னு... உப்பும் கரியும் போட்டு அழுத்தித் தேய்ச்சேம்மா. ஈறுல கொஞ்சம் ரத்தம் வந்துச்சி."

ரத்தத்திலும் அதே என்சைம் உண்டாம். அந்த அளவே செல்லாது என்றார். அட மனுஷா! தங்கச்சி கல்யாணத்துக்கே முகம் கழுவாமல் ஓடினவர்!

பிப்ரவரி 15

கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தேன். முதலில் எச்சில், பிறகு சதை எடுத்தார்கள்.

பிப்ரவரி 19

அளவு தப்பு என்றால் நோய் இல்லை என்றா அர்த்தம்? இல்லையே.

பிப்ரவரி 24

எச்சிலில் அளவு இறங்கிவிட்டது. சதையிலும் புற்றுநோய் இல்லை! அதற்கு முந்தைய நிலைதானாம். புகையிலையைத் தொடவே கூடாது, விடாமல் வந்து காட்டவேண்டும். ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும்போது ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இவர் கை பெட்டிக்கடைப் பக்கம் நீண்டது. வந்ததே கோபம்! "இன்னா மனுஷன்யா நீ? வெக்கமா இல்ல?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். வாழைப்பழத்துக்காம் அந்தக் கை. இருக்கட்டுமே, நான் நிறுத்தவில்லை.

இவர் சிரித்தார். "திட்டு சுந்தரி, நல்லா திட்டு. அந்த போன் வந்த நாள்லருந்து வாங்க போங்கன்னு பதமா பேசினியா, சரி, நாம பொழைக்க மாட்டோம்னு நெனச்சிட்டேன்."

பஸ் வந்தது. திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.