ஆல்த்

புதுச்சேரி,
நவம்பர் 4.

அன்புள்ள கலைமகளுக்கு,

மேனகா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஓசூரில் நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமா? உன் போனில் என் நம்பர் ஐந்து மாதமாகத் தடையில் இருக்கிறது. கோபம் நியாயம்தான், குறை சொல்லவில்லை. உன் அப்பாவிடம் விலாசம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

உன் அப்பா தெம்பாக இருக்கிறார். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் பீச்சுக்கு நடக்கிறார். ஷேர் ஆட்டோவை இன்னும் "ஆல்த்" என்றுதான் நிறுத்துகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது, நாக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. அதிசயமாக, ஆட்டோக்காரர்களும் நிற்கிறார்கள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் பேக்கிங் பிரிவை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். உன் இடத்தில் ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இனி சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ ஓசூருக்கு பஸ் ஏறிய அன்று, நம் டிரம் குழுவை விட்டுப் போக மனமில்லாமல், "நூலிழைய பாத்துக்கடி" என்றாய். ஒரு வருஷம் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அந்த டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, காலாப்பட்டுப் பெண்களின் கரைவலை டிரம் குழுவில் போய்ச் சேர்ந்தேன். நூலிழையை இப்போது நடத்தும் ஜெயம் என்னைக் "கட்சி மாறி" என்கிறாள். நம் ஊருக்கு அது புதிதா என்று சிரித்துவைத்தாலும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கிறது. நூலிழையில் சண்டை, அதனால் போனாள் என்று உன் காதுக்கு வந்திருக்கும். சண்டை எதுவும் இல்லை. ஜெயம் என்னைத் தங்கமாகத்தான் வைத்திருந்தாள்.

நான் போனது அவர்கள் வாசிப்பைக் கேட்டதால். காலாப்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கடலோரத்தில் பன்னிரண்டு பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மீன் விற்கிறவர்கள், யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் சமைக்கிறவர்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. உருட்டலைக் குறைத்துக் குறைத்து, அலைச் சத்தம் மேலே கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்கள். பன்னிரண்டு டிரம் அடித்துக்கொண்டிருக்கிறது, கேட்பது கடல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்யாணச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன், என்னைத் தெரியுமே உனக்கு. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு தெரியாதவள் மாதிரி இருக்க முடியவில்லை, கலை. உன்னிடம் சொல்லாமல் போனது மட்டும் தப்பு. பயந்துகொண்டு சொல்லவில்லை.

அங்கே எனக்குப் பெயர் "மில்லுக்கா". மில்லில் வேலை செய்தது அம்மா, பட்டம் எனக்கு. குழுத்தலைவி சுடர்விழிக்கு இருபத்தாறு வயது. அவள் "நில்" என்றால் ஒரே ஒரு அடி அடித்து நிறுத்த வேண்டும். உன் அப்பாவிடமிருந்து நம் நூலிழைக்கு வந்த "ஆல்த்", அதற்கு நாம் அடித்து நிறுத்தும் மூன்று அடி, இரண்டையும் மறக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் "நில், நில்" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிவிட்டார்.

இந்த ஒன்றாம் தேதி கடற்கரைச் சாலையில் புதுச்சேரி விடுதலை நாள் அணிவகுப்பு. சுடர்விழிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழும்பவில்லை. வயதில் மூத்தவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். எங்களுக்குப் பின்னாலேயே நூலிழை. ஜெயமும் மற்றவர்களும் டிரம்மை மாட்டிக்கொண்டு, குச்சியைக் கையில் பிடித்து, தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை.

மேடைக்கு எதிரே வந்ததும் நிறுத்த வேண்டும். மூச்சை இழுத்தேன். வாயில் "நில்" வரவில்லை. "ஆல்த்" என்று கத்திவிட்டேன்.

அந்தச் சொல்லைக் கேட்டே இராத பன்னிரண்டு பேரும் ஒரே அடியில் நின்றார்கள், கலை. ஒரு குச்சிகூடப் பிசகவில்லை. அதை நான் நம்புவதற்குள் பின்னாலிருந்து டக் டக் டக் என்று மூன்று அடி. நூலிழை. வாசிக்காமல் சும்மா நின்றவர்கள். என்னோடு பேசமாட்டோம் என்று ஐந்து மாதமாக இருந்தவர்களின் கைகள் அவர்களைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டன. திரும்பிப் பார்த்தேன். ஜெயம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏற்பாடு செய்து வாசித்தது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சாமி வந்தவர்களின் கை இப்படித்தான் தானாக ஆடுமோ என்னவோ.

முடிந்ததும் சுடர்விழியிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படி நின்றீர்கள் என்றும் கேட்டேன். "வார்த்தைய யாருக்கா கேட்டா, நீ மூச்ச இழுத்தது கேட்டுச்சு, நின்னுட்டோம்" என்று கட்டைக் குரலில் சொன்னாள். பிறகு, அந்தச் சொல் நன்றாக இருக்கிறது, இனி நாங்களும் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பக்கத்தில் ஜெயம் நின்றிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தாள். "அது கலை வூட்டு வார்த்தடி. அத குடுக்க நீ யாரு, நான் யாரு? அவள கேளு" என்றாள்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கரைவலை அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றால் கூடாது என்று எழுது. அதற்குமேல் ஒரு வார்த்தை வாதாட மாட்டேன். ஜெயத்திடமும் அப்படியே சொல்லிவிடுவேன்.

திரும்பி நூலிழைக்கு வந்துவிடுகிறேன் என்று உன்னைச் சமாதானப்படுத்தப் பொய் எழுத மாட்டேன். நான் காலாப்பட்டில்தான் இருப்பேன். ஆனால் அத்தனை பேர் பார்க்க நடுரோட்டில், யோசிக்க நேரமில்லாதபோது, என் வாயில் வந்தது உன் வீட்டுச் சொல்தான். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எழுது, கலை. இரண்டே வரியானாலும் எழுது.

இப்படிக்கு,
உன் தோழி என்று போடலாமா என்று தெரியாத
மேனகா